பாட்டரியைப் பழிக்குமுன்

அகத்தியர் மலையிற் பிறந்து நெய்யாற்றின்கரை வழியாக ஓடிவரும் நெய்யாறு, பூவாற்றில் கடலோடு கலக்கிறது. இரண்டுக்கும் நடுவே நீண்டதொரு மணல்திட்டு கிடக்கிறது. மழைக்காலத்தில் ஆறு பெருகும்போது அத்திட்டு உடைந்து வழிவிடும். பொழிமுகம் என இவ்வட்டாரத்தார் வழங்கும் அவ்விடத்தில், ஒருபுறம் ஆற்றின் இழுப்பு, மறுபுறம் கடலின் அலை. அங்கே ஒரு மோட்டார்ப் படகின் எஞ்சின் நின்றுபோய், மீண்டும் கிளம்ப மறுத்தால், படகிலுள்ளோரின் உயிர் ஒரு செப்புக் கம்பியின் நலத்தைப் பொறுத்ததாகிவிடுகிறது.

எல்லைப்புறத்தில் குடியேறிய நம்மவருள் படகோட்டுவோரும், பட்டறை வைத்திருப்போரும், பழைய படகொன்றை வாங்கிப் பிழைக்க எண்ணுவோரும் இதனைக் கருத்தூன்றிப் படித்தல் நலம்.

கழியிலிருந்து கயிற்றுக்கு, கயிற்றிலிருந்து சாவிக்கு

1860ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற அனந்த விக்டோரியா மார்த்தாண்டன் கால்வாய் பூவாற்றின் வழியே செல்வது. அக்காலத்து வள்ளங்களுக்குக் கழியும் துடுப்புமே துணை. 1952ஆம் ஆண்டின் இந்திய–நார்வே உடன்படிக்கையின் பயனாகக் கொல்லத்தையடுத்த நீண்டகரையில் எஞ்சின் பூட்டிய மீன்படகுகள் பரவலாயின. 1980க்குப் பின் தென் திருவிதாங்கூர்க் கடற்கரையின் சிறுபடகுகளும் புறத்தே மாட்டும் மோட்டாரைப் பெற்றன. அவற்றுட் பல, கயிற்றை இழுத்துக் கிளப்பப்படுபவை. அங்கே மனிதனின் தோள்வலியே பாட்டரி!

சாவியைத் திருப்பியதும் மின்சாரத்தால் எஞ்சினைச் சுழற்றும் முறையை 1911இல் அமெரிக்கரான சார்லஸ் கெட்டரிங் மோட்டார் வண்டிக்கென வகுத்தார். படகுக்கும் அதே முறைதான் வந்தது. ஆனால் வண்டி காணாத பகைவன் ஒருவன் படகுக்கு உண்டு. அவனே உப்புநீர்.

விளக்கு எரிகிறதே என்னும் மயக்கம்

பழைய படகு கிளம்பாவிடில், “பாட்டரி போயிற்று” என்பதே முதற்பேச்சு. விளக்கைப் போட்டுப் பார்ப்பார்கள். அது நன்றாக எரியும். எனவே வயரில் குறையில்லை என்று முடிவு கட்டிப் புதுப் பாட்டரி வாங்குவார்கள். சில மாதங்களில் அதே கதை திரும்பும். குடும்பத்தின் பல நாட்கூலி இவ்வாறு வீணாகும்.

இம்மயக்கத்தைச் சிறு கணக்கொன்று தெளிவிக்கும். உப்புக் காற்றில் பச்சைக் களிம்பேறிய ஓர் இணைப்பின் தடை 0.02 ஓம் எனக் கொள்வோம். 1 ஆம்பியர் மட்டுமே இழுக்கும் சிறு விளக்கு அவ்வழியே 0.02 வோல்ட்டையே இழக்கும், கண்ணுக்குத் தெரியாது. 150 ஆம்பியர் இழுக்கும் ஸ்டார்ட்டரோ அதே இணைப்பில் 3 வோல்ட்டை இழக்கும். 12 வோல்ட் பாட்டரியில் எஞ்சுவது எஞ்சினைச் சுழற்றப் போதாது. இழந்த ஆற்றல் 450 வாட் வெப்பமாக அந்த ஒரு முனையிலேயே வெளிப்படும். கிளப்ப முயன்றபின் ஏதேனும் ஒரு முனை சுடுமாயின், குறை அங்கேயே இருக்கிறது என்று கொள்க.

நோயறியும் முறை

வயரைக் கழற்றுமுன் வோல்ட் மீட்டரால் நோயை அறிந்துகொள்ள வேண்டும். சில மணி நேரம் ஓய்ந்திருந்த பாட்டரி 12.6 வோல்ட் காட்டினால் நிறைவு, 12.2 காட்டினால் ஏறக்குறையப் பாதி. அடுத்து, ஒருவர் சாவியைத் திருப்ப, மற்றொருவர் பாட்டரி முனைகளிலேயே அளவிடுக. நிறைவாக ஏற்றப்பட்ட பாட்டரி அப்போது 9.6 வோல்ட்டுக்கும் கீழே இறங்குமாயின் அது நலிந்துவிட்டது எனலாம்.

இறங்காமலிருந்தும் ஸ்டார்ட்டர் சோம்பினால் வழியைச் சோதிக்க வேண்டும். சாவி திருப்பியுள்ள நிலையிலேயே, மீட்டரின் ஒரு முனையைப் பாட்டரியின் நேர்முனையிலும் மற்றதை ஸ்டார்ட்டரின் முனையிலும் வைத்துப் பார்க்க. பிறகு பாட்டரியின் எதிர்முனைக்கும் எஞ்சின் உடலுக்கும் இடையே பார்க்க. எந்தப் பக்கம் அரை வோல்ட்டுக்கு மேல் காட்டுகிறதோ, அந்தப் பக்கத்தில் குறை உண்டு. எதிர்முனை வழியைப் பலரும் மறந்துவிடுகின்றனர். போன மின்சாரம் திரும்பி வந்தாலன்றிச் சுற்று நிறைவுறாது.

வயர் மாற்றும் ஒழுங்கு

முதலில், உள்ளதை உள்ளபடி தாளில் வரைந்து, ஒவ்வொரு வயருக்கும் அடையாளச் சீட்டுக் கட்டுக. கழற்றும்போது எதிர்முனை முதலில். பூட்டும்போது எதிர்முனை கடைசியில். இம்முறை தவறின், நேர்முனையில் இருக்கும் ஸ்பானர் எஞ்சினில் பட்ட மாத்திரத்தில் பெருந்தீப்பொறி எழும்.

பாட்டரியிலிருந்து மெயின் ஸ்விட்சு, அங்கிருந்து ஸ்டார்ட்டரின் சொலினாய்டு, எஞ்சின் உடலிலிருந்து மீண்டும் பாட்டரி: இதுவே பெருவழி. இதற்கு மெல்லிழைகள் பல சேர்ந்த, வெள்ளீயம் பூசிய செப்புக் கேபிளே ஏற்றது. போகவர 6 மீட்டர் நீளமெனின், 16 சதுர மில்லிமீட்டர் கேபிளில் 150 ஆம்பியருக்கு ஏறத்தாழ 1 வோல்ட் இழப்பு. 35 சதுர மில்லிமீட்டரில் அதிற் பாதிக்கும் குறைவு. எஞ்சின் செய்தோரின் கைந்நூல் கூறும் அளவுக்குக் குறைவாக ஒருபோதும் போடலாகாது. முனைகளில் லக்குகளை உரிய கருவியால் அழுத்திப் பொருத்தி, நீர் புகாவண்ணம் சுருங்கு குழாயால் மூடுக. வெறும் முறுக்கும் ஒட்டுநாடாவும் கடற்காற்றில் நெடுநாள் நில்லா.

விளக்கு, நீரிறைக்கும் பம்பு முதலியவற்றின் சிறுவழிகள் ஒவ்வொன்றுக்கும் பியூஸ் வேண்டும். அதுவும் பாட்டரியின் அருகிலேயே. அமெரிக்கப் படகு நெறிமுறை 7 அங்குலத்துக்குள் என்கிறது. நம் கணக்கில் ஒரு சாணுக்கும் குறைவு. ஸ்டார்ட்டர் கேபிளுக்குப் பியூஸ் வைப்பது வழக்கமன்று. ஆகவே அது எங்கும் உராயாதபடி பிடித்துக் கட்டுதல் இன்றியமையாதது. இயன்றால் விளக்குக்கு ஒரு பாட்டரி, கிளப்புவதற்கு ஒரு பாட்டரி எனப் பிரித்துவிடுக. இரவெல்லாம் எரிந்த விளக்கு காலைப் பயணத்தைக் கெடுக்காது.

மறக்கலாகாதவை

பாட்டரி ஏறும்போது வெளிப்படும் ஹைட்ரஜன் வாயு மேலெழும். பெட்ரோல் ஆவி கீழே படகின் அடித்தளத்தில் தேங்கும். இரண்டும் பொறி பட்டால் வெடிக்கும். எனவே பாட்டரிப் பெட்டியின் மேற்புறம் காற்றோட்டம் வேண்டும். அடித்தளத்தைத் திறந்து முகர்ந்து பார்த்தபின்னரே சாவியைத் தொட வேண்டும்.

கியர் நடுநிலையில் இருந்தாலன்றி எஞ்சின் கிளம்பாதபடி தடுக்கும் ஸ்விட்சைச் சிலர் தொல்லையென்று கருதி நேரே இணைத்துவிடுவர். படகோரத்தில் ஒருவர் நீரில் நிற்கையில் படகு திடீரெனப் பாய்ந்தால் என்னாகும் என எண்ணிப் பார்க்க. எஞ்சின் ஓடும்போது மெயின் ஸ்விட்சை அணைப்பதும் கூடாது. மின்னேற்றியின் டையோடுகள் கெட்டுவிடும்.

கயிற்றால் கிளப்ப வழியுள்ள மோட்டாராயின் அக்கயிற்றைப் படகிலேயே வைத்திருங்கள். துடுப்பும் நங்கூரமும் எப்போதும் உடன் இருக்கட்டும்.

இல்லத்தரசியரும் இதனை அறிந்திருத்தல் நலம். புதுப் பாட்டரிக்கெனப் பணம் கேட்கப்படும்போது, “மீட்டர் வைத்துப் பார்த்தாயிற்றா?” என ஒரு வார்த்தை கேளுங்கள். தென்மேற்குப் பருவமழை ஜூன் மாதத்தில் தொடங்கும். அதற்கு முன்பாகவே களிம்பைத் துடைத்து, தளர்ந்த முனைகளை இறுக்கி, தேய்ந்த கேபிளை மாற்றிவிடுவோமாக. கரையில் செலவிடும் ஒரு பகற்பொழுது, பொழிமுகத்தில் ஓர் உயிரைக் காக்கும்.