சுவரில் எழுதிய நான்கு எட்டுகள்

2014 மார்ச்சில் இஸ்தான்புல் சுவர்களில் ஸ்ப்ரே பெயிண்டால் எண்கள் முளைத்தன: 8.8.8.8, 8.8.4.4. துருக்கியில் ஒரு பிரபல சமூக ஊடகத்துக்குத் தடை விழுந்திருந்த நேரம் அது. தளத்தின் பெயருக்கு உரிய ஐபி முகவரியைத் தேடித் தரும் டிஎன்எஸ் சர்வரின் எண்ணை இப்படி மாற்றியவர்களுக்கு அந்தத் தளம் மறுபடி திறந்தது. கொண்டாட்டம் நீடிக்கவில்லை. அந்த எண்களுக்குப் போன கேள்விகளையும் உள்நாட்டிலேயே மடக்கி, அதே எண்ணின் பெயரில் போலி சர்வர்கள் பதில் சொல்லத் தொடங்கின.

இது எப்படிச் சாத்தியமானது? 1983-ல் வடிவமைக்கப்பட்ட டிஎன்எஸ்ஸில் கேள்வியும் பதிலும் அஞ்சலட்டைபோலத் திறந்தபடியே பயணிக்கின்றன. வழியில் நிற்கும் எவரும் படிக்கலாம், திருத்தலாம். எண்ணை மட்டும் மாற்றிவிட்டு, இனி யாரும் பார்க்க முடியாது என்று நம்புவது வீண்.

யாரும் பயன்படுத்தக்கூடிய இத்தகைய பொது டிஎன்எஸ் சேவைகளில், 2009 டிசம்பரில் 8.8.8.8 வந்தது. 2017-ல் வந்த 9.9.9.9 மோசடித் தளங்களைத் தடுத்தது. 2018 ஏப்ரல் 1-ல் 1.1.1.1 வந்தது. எல்லாமே இலவசம். வேகம் கூடுகிறது, இணைப்பு தரும் நிறுவனத்தின் டிஎன்எஸ் படுத்துவிட்டால் கைகொடுக்கிறது என்பார்கள். பல இடங்களில் அது உண்மையே.

ஆனால், ஒருவர் நள்ளிரவில் தேடும் புற்றுநோய் மருத்துவமனை, அவசரத்துக்குத் திறக்கும் கடன் செயலி, வீட்டுக்குத் தெரியாமல் பார்க்கும் வேலைவாய்ப்புத் தளம் என எல்லாப் பெயர்களும் முதலில் போய்ச் சேருவது அவர் தேர்ந்தெடுத்த டிஎன்எஸ் சர்வருக்குத்தான். பிரவுசர் ஹிஸ்டரியை அழித்தாலும் அங்கே போன கேள்வி அழியாது. முழு ஐபி முகவரியை 24 முதல் 48 மணி நேரத்துக்குள் அழித்துவிடுவதாக ஒரு சேவை சொல்கிறது. பதிவுகளை வைத்திருப்பது 25 மணி நேரம் மட்டுமே என்கிறது இன்னொன்று. ஐபி முகவரியைச் சேமிப்பதே இல்லை என்கிறது மற்றொன்று. பயனாளர் இதையெல்லாம் நேரில் சரிபார்க்க வழியில்லை.

உலகின் பெருங்கூட்டம் இப்படி விரல்விட்டு எண்ணக்கூடிய சில வாசல்களில் குவிவது இன்னோர் ஆபத்து. 2025 ஜூலை 14 அன்று 1.1.1.1 ஒரு மணி நேரத்துக்கு மேல் முடங்கியபோது, அதை மட்டுமே நம்பியிருந்தவர்களுக்கு இணையமே செத்துப்போனதுபோல் இருந்தது.

எனவே, இலவசம் என்பதற்காகக் கண்ட எண்ணையும் ரூட்டரில் போடாதீர்கள். பதிவுகளை எத்தனை நாள் வைத்திருக்கிறார்கள், யாருக்குத் தருகிறார்கள் என்று முதலில் படியுங்கள். ஆண்ட்ராய்டு 9 முதல் போனிலேயே ‘பிரைவேட் டிஎன்எஸ்’ வசதி இருக்கிறது. அதில் எண்ணுக்குப் பதில் சேவையின் பெயரைக் கொடுத்தால் கேள்விகள் மறையாக்கம் செய்யப்பட்டே போகும். இன்றே அதைச் செய்துவிடுங்கள்.