லோரி கையில் இருந்தால் போதுமா? தாளும் வேண்டும்!

அமெரிக்காவில் ஒருவர் இராணுவம் கழித்துக்கட்டிய லோரி ஒன்றை ஏலத்தில் எடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பத்துச் சக்கரம், பச்சை வண்ணம், ஆள் உயரத்துக்கு முன்பக்கம். பணம் கட்டியாயிற்று. இழுவை வண்டியில் ஏற்றி வீட்டுக்கும் கொண்டுவந்தாயிற்று. இயந்திரம் முதல் முயற்சியிலேயே உறுமுகிறது. அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் ஓடி வந்து பார்க்கிறார்கள்.

ஆனால், வீட்டு வாசலைத் தாண்டிப் பொதுச் சாலையில் அவரால் அதை ஓட்ட முடியாது. சட்டத்தின் கண்ணுக்கு அது இன்னும் 'வாகனம்' ஆகவில்லை. அது ஒரு பெரிய இரும்புப் பொருள், அவ்வளவுதான். அதை வாகனமாக்குவது ஒரே ஒரு தாள்.

மாணவர்களே, அந்தத் தாளின் கதையைத்தான் இன்று பார்க்கப் போகிறோம். இராணுவ லோரி வாங்கும் எண்ணம் நமக்கு இல்லை. ஆனால், கல்லூரிக்குப் போக ஒரு பழைய மோட்டார் சைக்கிள் வாங்கும் எண்ணம் உங்களில் பலருக்கு இருக்கும். அதற்கும் இந்தக் கதை உதவும்.

பழைய லோரிகள் எங்கிருந்து வருகின்றன?

அமெரிக்க இராணுவத்தில் பயன்பாடு முடிந்த பொருள்களை அகற்றுவதற்கென்றே தற்காப்புத் தளவாட முகமையின் கீழ் ஒரு பிரிவு செயல்படுகிறது. மேசை, நாற்காலி முதல் லோரி வரை அதன் வழியாகத்தான் வெளியே போகின்றன. முதலில் மற்ற அரசுத் துறைகளுக்கு வாய்ப்பு. அவை வேண்டாம் என்றவை பொது ஏலத்துக்கு வருகின்றன.

இதில் மிகப் புகழ்பெற்றது எம்35 என்ற லோரி. 1950ஆம் ஆண்டுவாக்கில் பணியில் சேர்ந்து, வியட்நாம் போர் உட்படப் பல பத்தாண்டுகள் உழைத்தது. இதை 'இரண்டரை டன் லோரி' என்பார்கள். லோரியின் எடை இரண்டரை டன் என்று நினைத்துவிடாதீர்கள். கரடுமுரடான நிலத்தில் அது சுமக்கக்கூடிய சுமைதான் இரண்டரை டன். வெறும் லோரியின் எடையே ஏறக்குறைய 5,900 கிலோகிராம். அதிகபட்ச வேகம் மணிக்கு 90 கிலோமீட்டர் அளவுதான். இன்னொரு வேடிக்கை, இதை முடுக்கச் சாவியே கிடையாது. ஒரு விசையைத் திருப்பி, பொத்தானை அழுத்தினால் போதும். போர்க்களத்தில் சாவியைத் தேடிக்கொண்டிருக்க முடியுமா?

மலிவு விலை இராணுவ வாகனம் என்றதும் அமெரிக்கர்களுக்கு ஒரு பழைய கதை நினைவுக்கு வரும். 'பெட்டியில் அடைத்த புத்தம் புதிய ஜீப், விலை 50 டாலர் மட்டுமே' என்பது அந்தக் கதை. பல ஆண்டுகள் சஞ்சிகைகளின் கடைசிப் பக்கங்களில் இத்தகைய விளம்பரங்கள் வந்தன. பணம் அனுப்பியவர்களுக்குக் கிடைத்தது ஜீப் அன்று. அரசு ஏலத்தில் எப்படிப் பொருள் வாங்குவது என்று விளக்கும் ஒரு சிறு கையேடு!

உரிமை வேறு, பதிவு வேறு

நம் நாட்டில் ஜேபிஜே எனப்படும் சாலைப் போக்குவரத்துத் துறையில் வாகனத்தைப் பதிவு செய்கிறோம். வீட்டில் பெரியவர்கள் 'கிராண்ட்' என்று சொல்லும் சான்றிதழில் உரிமையாளர் பெயர், சேசிஸ் எண், இயந்திர எண் எல்லாம் இருக்கும்.

அமெரிக்காவில் இது இரண்டு படியாகப் பிரிகிறது. முதலாவது, உரிமைப் பத்திரம். 'இந்த வாகனம் இன்னாருடையது' என்பதற்கு அதுவே சான்று. இரண்டாவது, பதிவு. 'இந்த வாகனம் பொதுச் சாலையில் ஓடலாம்' என்பதற்கான அனுமதி அது. எண் பட்டை பதிவோடுதான் வரும். உரிமைப் பத்திரம் இருந்தும் பதிவு கிடைக்காமல் போகலாம். அப்படிப்பட்டவர் தம் சொந்த லோரியைத் தம் சொந்த நிலத்தில் மட்டும் ஓட்டிக்கொள்ளலாம்.

இவ்விரண்டையும் வழங்குவது மத்திய அரசு அன்று, மாநில அரசு. ஐம்பது மாநிலம் என்றால் ஐம்பது விதமான நடைமுறை. ஒரு மாநிலம் சிரித்த முகத்தோடு பதிவு செய்யும் அதே லோரியை, எல்லைக்கு அந்தப் பக்கம் உள்ள மாநிலம் திருப்பி அனுப்பலாம்.

எஸ்எஃப்-97 என்ற தாள்

கடையில் வாங்கும் புதிய காருக்குத் தயாரிப்பாளர் ஒரு பிறப்பிடச் சான்றிதழ் தருவார். அதைக் காட்டித்தான் முதல் உரிமைப் பத்திரம் பெறுவார்கள். இராணுவ லோரிக்கு அது கிடையாது. தொழிற்சாலையிலிருந்து நேராக இராணுவத்துக்குப் போன அந்த லோரி, எந்த மாநிலத்திலும் பதிவு செய்யப்பட்டதே இல்லை.

இந்த இடைவெளியை நிரப்புவதுதான் எஸ்எஃப்-97 என்ற படிவம். வாகனத்துக்கு உரிமைப் பத்திரம் பெறுவதற்காக அமெரிக்க அரசு தரும் சான்றிதழ் என்பது அதன் பொருள். கவனியுங்கள், இதுவே உரிமைப் பத்திரம் அன்று. உரிமைப் பத்திரம் 'பெறுவதற்கான' சான்று. நம் சூழலில் சொன்னால், பிறப்புச் சான்றிதழைக் காட்டி அடையாள அட்டை எடுப்பது போல.

அந்தத் தாளில் தயாரிப்பாளர், மாதிரி, ஆண்டு, தொடர் எண் ஆகியவை இருக்கும். வாங்கியவர் முதலில் செய்ய வேண்டிய வேலை, தாளில் உள்ள எண்ணை லோரியின் உள்ளே பொருத்தப்பட்டுள்ள உலோகத் தகட்டோடு ஒப்பிடுவது. ஒரே ஓர் இலக்கம் மாறியிருந்தாலும் முகப்பிடத்தில் உள்ள அதிகாரி ஏற்க மாட்டார். ஏற்காததில் தவறும் இல்லை. திருட்டு வாகனத்துக்கும் நேர்மையாக வாங்கிய வாகனத்துக்கும் உள்ள வேறுபாட்டைக் காட்டுவது அந்த எண் மட்டுமே.

இங்கே இன்னொரு சிக்கல். 1981ஆம் ஆண்டு மாதிரியிலிருந்து அமெரிக்கக் கார்களுக்கு 17 எழுத்துகளும் இலக்கங்களும் கொண்ட அடையாள எண் கட்டாயம். ஒன்று, சுழியம் ஆகியவற்றோடு குழம்பக்கூடாது என்பதற்காக ஐ, ஓ, கியூ ஆகிய மூன்று எழுத்துகளையும் அதில் பயன்படுத்துவதில்லை. ஆனால், பழைய இராணுவ லோரியின் தொடர் எண் அதைவிடச் சிறியது. 17 இடங்களை எதிர்பார்க்கும் கணினி, சிறிய எண்ணைக் கண்டால் தடுமாறுகிறது. அப்போது காவல்துறை அதிகாரியோ அங்கீகரிக்கப்பட்ட ஆய்வாளரோ நேரில் வந்து தகட்டைப் பார்த்து உறுதி செய்ய வேண்டியிருக்கும்.

ஏன் இவ்வளவு கெடுபிடி?

'இராணுவத்துக்கே பாதுகாப்பான வண்டி, சாலைக்குப் பாதுகாப்பு இல்லையா?' என்று கேட்கத் தோன்றும். நியாயமான கேள்வி. பதில் சற்று வியப்பளிக்கும்.

அமெரிக்காவில் 1966ஆம் ஆண்டு வாகனப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. இருக்கை வார், விளக்கு, பிரேக் என்று ஒவ்வொன்றுக்கும் தரநிலைகள் வந்தன. ஆனால், ஆயுதப் படைகளின் ஒப்பந்தப்படி தயாரித்து நேரடியாக அவர்களுக்கே விற்கப்படும் வாகனங்களுக்கு அந்தத் தரநிலைகளிலிருந்து விலக்கு உண்டு. போர்க்கள வாகனத்தின் தேவை வேறு. எதிரி கண்ணில் படாதபடி மங்கலான விளக்கு வேண்டும். ஆற்றைக் கடக்க வேண்டும். கிடைத்த எரிபொருளில் ஓட வேண்டும். பள்ளிப் பேருந்துக்குப் பின்னால் ஓடுவதற்காக அதை யாரும் வடிவமைக்கவில்லை.

எச்எம்எம்டபிள்யுவி என்ற 'ஹம்வீ' வாகனம் இதற்கு நல்ல சான்று. அதே வாகனத்தை அடிப்படையாகக் கொண்டு 1992இல் பொதுமக்களுக்காக 'ஹம்மர்' விற்பனைக்கு வந்தது. பொதுமக்களுக்கான தரநிலைகளை நிறைவு செய்து தயாரிக்கப்பட்டதால் அது சாதாரணமாகச் சாலையில் ஓடியது. இராணுவ ஹம்வீயோ 2014 டிசம்பரில்தான் பொது ஏலத்துக்கு வந்தது. அதுவும் 'சாலைக்கு வெளியே மட்டும் பயன்படுத்துவதற்கு' என்ற நிபந்தனையோடு. தோற்றத்தில் இரண்டும் அண்ணன் தம்பி. சட்டத்தின் முன்போ ஒன்று வாகனம், மற்றொன்று வயலில் ஓடும் இயந்திரம்.

இது வெறும் காகிதக் கவலை அன்று. 2010 முதல் 2019 வரையிலான நிதியாண்டுகளில் அமெரிக்கத் தரைப்படையிலும் கடற்படைக் காலாட்படையிலும் போர் சாராத இராணுவ வாகன விபத்துகள் 3,753 நடந்தன. 123 வீரர்கள் உயிரிழந்தனர். அந்நாட்டு அரசாங்கப் பொறுப்புடைமை அலுவலகம் 2021இல் வெளியிட்ட அறிக்கை இது. வாகனம் கவிழ்ந்த விபத்துகள் மொத்தத்தில் கால்பங்கு. உயிரிழப்பிலோ அவற்றின் பங்கு 63 விழுக்காடு. பயிற்சி பெற்ற வீரர்களுக்கே இந்த நிலை என்றால், வார இறுதியில் மட்டும் ஓட்டும் ஒருவருக்கு?

மறுபக்கமும் உண்டு

அப்படியானால் எல்லாவற்றையும் உருக்கிவிடலாமே என்றால், அதுவும் சரியன்று. அமெரிக்கக் கிராமப்புறங்களில் தீயணைப்புப் பணி பெரும்பாலும் தன்னார்வலர்களின் கையில் உள்ளது. புதிய தீயணைப்பு வண்டி வாங்க அவர்களிடம் பணம் இல்லை. இராணுவம் கழித்த லோரியில் தண்ணீர்த் தொட்டியும் பம்பும் பொருத்தி, புல்வெளித் தீயை அணைக்கப் போகிறார்கள். வனத்துறை வழியாக இத்தகைய லோரிகளைக் கடனாகத் தரும் திட்டமும் உண்டு. அதில் லோரி தீயணைப்பு நிலையத்தில் நிற்கும். உரிமையோ மத்திய அரசிடமே இருக்கும்.

2014இல் புகை வெளியேற்ற விதிமுறைகளுக்குப் பொருந்தவில்லை என்று கூறித் தீயணைப்புப் பிரிவுகளுக்கு லோரி தருவது திடீரென நிறுத்தப்பட்டது. ஓக்லஹோமா போன்ற மாநிலங்களில் எதிர்ப்புக் குரல் எழுந்தது. சில வாரங்களில் வழங்கல் மீண்டும் தொடங்கியது. காற்றின் தூய்மையும் முக்கியம். தீயில் சிக்கிய வீடும் முக்கியம். இரண்டு நியாயங்கள் மோதும்போது விதி எழுதுவது எவ்வளவு கடினம் என்பதற்கு இது ஒரு பாடம்.

படிப்படியாக

நம் கதைநாயகர் என்ன செய்ய வேண்டும்? வரிசை இதுதான்.

ஒன்று, ஏலம் கேட்பதற்கு முன்பே தம் மாநிலத்தில் இந்த மாதிரிக்குப் பதிவு கிடைக்குமா என்று விசாரிக்க வேண்டும். பலர் செய்யும் பிழை, முதலில் வாங்கிவிட்டுப் பிறகு விசாரிப்பது.

இரண்டு, அந்த லோரிக்கு எஸ்எஃப்-97 உண்டா, அதில் 'சாலைக்கு வெளியே மட்டும்' என்ற குறிப்பு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

மூன்று, தாள் வந்ததும் தகட்டோடு எண்ணை ஒப்பிட வேண்டும்.

நான்கு, மாநிலம் கேட்கும் கருவிகளைப் பொருத்த வேண்டும். கண்ணாடி, திரும்பு விளக்கு, ஒலிப்பான், நல்ல டயர் போன்றவை. இராணுவ லோரியின் மின்சுற்று 24 வோல்ட் என்பதால், சாதாரணக் காரின் 12 வோல்ட் விளக்கை அப்படியே மாட்ட முடியாது.

ஐந்து, காப்புறுதி. பல நிறுவனங்கள் தயங்கும். 25 ஆண்டுகளைத் தாண்டிய வாகனத்துக்குப் பல மாநிலங்கள் 'வரலாற்று வாகனம்' என்ற தனி எண் பட்டை தருகின்றன. அணிவகுப்பு, கண்காட்சி போன்றவற்றுக்கு ஓட்டலாம்; அன்றாட வேலைக்கு ஓட்டக்கூடாது என்பது போன்ற வரம்புகள் அதில் இருக்கும்.

ஆறு, ஓட்டுநர் உரிமம். அனுமதிக்கப்பட்ட மொத்த எடை 26,001 பவுண்டு, அதாவது ஏறக்குறைய 11,794 கிலோகிராமைத் தொட்டால் வணிக ஓட்டுநர் உரிமம் என்ற வகைக்குள் வந்துவிடும். இரண்டரை டன் லோரி அந்த வரம்புக்குள் அடங்கும். ஐந்து டன் லோரி தாண்டிவிடும். சொந்தப் பயன்பாட்டுக்கு விலக்கு உண்டா என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறும்.

நமக்கு என்ன பாடம்?

மாணவர்களே, இந்த ஆறு படிகளையும் மீண்டும் ஒருமுறை பாருங்கள். சட்டம் படிப்பவருக்கு இதில் உரிமை பற்றிய கேள்வி இருக்கிறது. பொறியியல் மாணவருக்குப் பிரேக்கும் மின்சுற்றும் இருக்கின்றன. பொது நிர்வாகம் படிப்பவருக்கு இரு துறைகளுக்கு இடையே ஒரு கோப்பு எப்படி நகர்கிறது என்பது இருக்கிறது.

இதெல்லாம் போகட்டும். நாளை நீங்கள் ஒரு பழைய மோட்டார் சைக்கிள் வாங்கும்போது, விற்பவர் "கிராண்ட் அப்புறம் தர்றேன், தம்பி, இப்ப எடுத்துட்டுப் போ" என்றால் என்ன செய்வீர்கள்? வண்டி அழகாக இருக்கும். விலையும் குறைவாக இருக்கும். அப்போது அந்த இராணுவ லோரியை நினைத்துக்கொள்ளுங்கள். சேசிஸ் எண்ணையும் இயந்திர எண்ணையும் குனிந்து பார்த்துச் சான்றிதழோடு ஒப்பிடுங்கள். பெயர் மாற்றம் முடிந்த பிறகே முழுப் பணத்தைக் கொடுங்கள். வண்டி திருட்டு வண்டியாக இருந்தால், விற்றவர் காணாமல் போய்விடுவார். காவல் நிலையத்தில் நிற்பது நீங்களாகத்தான் இருக்கும்.

இன்று மாலை வீட்டில் அப்பாவிடம் கேட்டுப் பாருங்கள்: "அப்பா, நம்ம காரின் சேசிஸ் எண் எங்கே இருக்கிறது?" இருவரும் சேர்ந்து தேடுங்கள். கண்டுபிடித்ததும் சான்றிதழில் உள்ள எண்ணோடு ஒவ்வோர் இலக்கமாக ஒப்பிடுங்கள். ஐந்து நிமிடம்தான் ஆகும்.