மேசை மீது மழை பெய்வதில்லை!

சேரம்பாடியில் ஆனி பிறந்துவிட்டால் வானம் மூடிக்கொள்ளும். எப்போது திறக்கும் என்று யாரும் கேட்பதில்லை. கேட்டுப் பயனில்லை! தலையிலே பிளாஸ்டிக் தாள், முதுகிலே கூடை, காலிலே அட்டை. கொழுந்து பறிக்கும் நம் தாய்மார்கள் மழையோடு மழையாக நிற்கிறார்கள்.

மழைக்கு அஞ்சுபவர்கள் அல்லர் அவர்கள். அவர்களுடைய அச்சம் வேறு. பந்தலூர் வழியே கூடலூருக்குப் போகும் சாலை இன்றிரவு நிற்குமா, சரியுமா? பிரசவ வலி கண்ட பெண்ணை ஏற்றிச் செல்லும் ஜீப் மருத்துவமனை போய்ச் சேருமா, பாதி வழியில் மண்மேட்டின் முன்னால் நின்றுவிடுமா?

மலை சரிவது தலைவிதி என்பார் சிலர். தலைவிதியா, தோழர்களே? 2009 நவம்பரில் நீலகிரியில் மழையும் மண்சரிவும் நாற்பதுக்கும் மேற்பட்டோரைக் கொண்டுபோயின. கேத்தியில் ஒரே நாளில் பெய்தது 82 சென்டிமீட்டர்! 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 91 சென்டிமீட்டர்! 2024 ஜூலை 30 அதிகாலையில், நமக்கு அடுத்த வயநாட்டில், முண்டக்கையும் சூரல்மலையும் உறக்கத்திலேயே புதைந்தன. மழையை நிறுத்த மனிதனால் ஆகாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சாலைக்காக மலையை எந்தச் சாய்வில் வெட்டுவது, தடுப்புச் சுவரை எவ்வளவு கனத்தில் எழுப்புவது, வடிகாலை எவ்வளவு அகலத்தில் தோண்டுவது, இவையெல்லாம் விதி வகுத்தவையா? மனிதன் மேசை முன் உட்கார்ந்து வகுத்தவை!

அப்படி வகுப்பதற்கு அறிவு வேண்டும். அந்த அறிவைத் தேடுவதற்குப் பெயர்தான் ஆராய்ச்சி. ஆராய்ச்சி என்றதும், அது படித்தவர் சங்கதி, நமக்கென்ன என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். அதற்குச் செலவாவது உங்கள் வரிப்பணம். அதில் பிழை நேர்ந்தால் புதைவது உங்கள் லயம்.

சென்னை கிண்டியில் நம் மாநில நெடுஞ்சாலைத் துறைக்கென ஆராய்ச்சி நிலையம் ஒன்று இருக்கிறது. மண்ணைச் சோதிக்கிறார்கள், தாரைச் சோதிக்கிறார்கள், கான்கிரீட்டைச் சோதிக்கிறார்கள். நல்லது. ஆனால் எதைச் சோதிப்பது என்று முடிவு செய்வது யார்? பணம் ஒழுங்காகச் செலவாகிறதா என்று பார்ப்பது யார்? கண்டுபிடித்ததைச் சாலைக்குக் கொண்டு வருவது யார்? இந்த மூன்றும்தான் குழுவின் வேலை. ஆராய்ச்சிக்காரர் மாடு என்றால், குழு ஏர் பிடிக்கும் கை. கை தளர்ந்தால் மாடு தன் போக்கில் போகும், உழவு நடக்காது.

குழுக்களின் கதை இந்த நாட்டில் பழைய கதை. 1927-ல் எம்.ஆர். ஜெயகர் தலைமையில் சாலை வளர்ச்சிக் குழு அமைந்தது. பொறியாளர்கள் ஒன்றுகூடி அறிவைப் பகிர ஓர் அமைப்பு வேண்டும், ஆராய்ச்சிக்கு ஒரு நிலையம் வேண்டும் என்றது அந்தக் குழு. அமைப்பு 1934-ல் வந்தது. அதுதான் இந்தியச் சாலைப் பேரவை. டில்லியில் மத்திய சாலை ஆராய்ச்சி நிலையம் திறந்ததோ 1952-ல்! சொன்னதற்கும் செய்ததற்கும் இடையே ஏறத்தாழக் கால் நூற்றாண்டு!

இன்றும் எந்தச் சாலை விதியும் பேரவையின் குழுக்களைக் கடந்துதான் அச்சேறுகிறது. துறைக்குழு எழுதும், மேற்குழு பார்க்கும், அதற்கும் மேலே மன்றம் ஒப்பும். மலைச்சாலைக் கையேடு 1998-ல் அப்படித்தான் வந்தது.

குழு என்றாலே தடை என்று நான் சொல்ல வரவில்லை. பிளாஸ்டிக் சாலையைப் பாருங்கள். மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் வாசுதேவன், சூடான சல்லியின் மேல் பிளாஸ்டிக் துணுக்கைத் தூவி உருக வைத்தார். அதன்மேல் தாரைக் கலந்தார். 2002-ல் கல்லூரி வளாகத்திலேயே சாலை போட்டுக் காட்டினார். தமிழன் கண்டான், தமிழ் மண்ணில் கண்டான்! ஆனால் கேள்விகள் எழுந்தன. நச்சுப் புகை வருமா? நீர் புகுந்தால் சல்லி உதிருமா? ஐந்தாறு ஆண்டு தாங்குமா? கேட்க வேண்டிய கேள்விகளே! போட்ட சாலைகளை ஆராய்ந்து மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2008-ல் அறிக்கை தந்தது. பேரவையின் வழிகாட்டு நெறி வந்தது 2013-ல். 2018-ல் பேராசிரியருக்குப் பத்மஸ்ரீ. 2002 எங்கே, 2013 எங்கே! பதினோரு ஆண்டு. இதிலே சோதனைக்குப் போன ஆண்டுகளை மதிக்கிறேன். கோப்பு உறங்கிய நாட்கள் எத்தனை என்றுதான் கேட்கிறேன். கேள்வி கேட்பது குழுவின் கடமை, உறங்குவது குற்றம்.

அயல்நாட்டையும் பாருங்கள். அமெரிக்காவில் 1958 முதல் 1960 வரை, இல்லினாய்ஸ் மாநிலத்தில், பல மாநிலங்கள் கூடிச் சோதனைச் சாலை போட்டு, பட்டாளத்து லாரிகளை இரவும் பகலும் ஓட்டிப் பார்த்தன. அச்சின் பாரம் இரண்டு மடங்கானால் சாலைக்கு வரும் சேதம் ஏறத்தாழப் பதினாறு மடங்கு என்ற உண்மை அங்கே பிறந்தது. அளவுக்கு மீறி மரமும் கல்லும் ஏற்றிச் செல்லும் ஒரு லாரி நம் சாலைக்கு என்ன செய்கிறது என்பதற்கு அதுவே கணக்கு. 1962-ல் மாநிலங்கள் கூட்டாக ஆராய்ச்சித் திட்டம் ஒன்றைத் தொடங்கின. மாநிலங்களே கேள்வியை அனுப்பும். ஒவ்வொரு கேள்விக்கும் தனிக்குழு. சாலையிலே வேலை பார்த்த அனுபவசாலிகள் அதில் ஊதியமின்றி அமர்வார்கள். ஆராய்ச்சியாளரைத் தேர்வதும் அவர்களே. நடுவில் நிறுத்திக் கேள்வி கேட்பதும் அவர்களே. மைய அரசு தரும் நெடுஞ்சாலைப் பணத்தில் நூற்றுக்கு இரண்டு பங்கு திட்டமிடலுக்கும் ஆராய்ச்சிக்கும். அதில் காற்பங்காவது ஆராய்ச்சிக்கே என்று சட்டமே சொல்கிறது.

சரி, சேரம்பாடிக்குத் திரும்புவோம். உதகையிலிருந்து கோத்தகிரி வழியே மேட்டுப்பாளையம் இறங்கும் சாலையில், மலைக்குள் இரும்புக் கம்பிகளைச் செலுத்தி, வலை போர்த்தி, புல் விதைத்து, மண்ணைப் பிடித்து நிறுத்தும் முறையைச் சில ஆண்டுகளுக்கு முன் நெடுஞ்சாலைத் துறை செய்து பார்த்தது. வரவேற்கிறோம். ஆனால் ஒன்று கேட்கிறேன். கோத்தகிரி கிழக்குச் சரிவு. அங்கே பெரிதும் பெய்வது வடகிழக்குப் பருவமழை. நம் பந்தலூர்ப் பகுதி மேற்குச் சரிவு. இங்கே கொட்டுவது தென்மேற்குப் பருவமழை. மாவட்டம் ஒன்று, மழை இரண்டு! அங்கே நின்றது இங்கே நிற்குமா? நிற்கலாம், நிற்காமலும் போகலாம். சோதித்தால்தான் தெரியும். சோதி என்று சொல்ல அந்த மேசையைச் சுற்றி யாராவது இருக்க வேண்டுமே!

யார் இருக்கிறார்கள்? படித்த பொறியாளர்கள் இருக்கிறார்கள், பேராசிரியர்கள் இருக்கிறார்கள். இருக்கட்டும், இருக்கத்தான் வேண்டும். ஆனால் மண்வெட்டியோடு வடிகாலைத் திறந்துவிடும் சாலைப் பணியாளர் எங்கே? நள்ளிரவில் கொண்டை ஊசி வளைவில் பேருந்தைத் திருப்பும் ஓட்டுநர் எங்கே? 1964 ஒப்பந்தத்திற்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்து இந்த மலையிலே குடியேறிய தொழிலாளி எங்கே? அந்த நாட்டு மலைகளில் ரோடும் ரயில் பாதையும் போட்ட கரங்களின் வழிவந்தவர் அல்லவா அவர்! சுவர் இடிவதற்கு முதல் நாள் அதன் துளைகளிலிருந்து நீர் வழிவது நின்று, சுவர் வயிறு தள்ளும் என்பதை அவர் கண்ணால் பார்த்திருக்கிறார். அது எந்த ஏட்டில் ஏறியது?

ஆகவே மூன்று கேட்போம். கேள்விகளைத் தேர்ந்தெடுக்கும் குழுவில் சாலையில் உழைப்பவருக்கும் சாலையோரம் வாழ்பவருக்கும் இடம் வேண்டும். என்ன ஆராய்ச்சி, எவ்வளவு பணம், எப்போது முடிவு என்ற பட்டியல், தமிழில், ஒவ்வொரு கோட்ட அலுவலகச் சுவரிலும் தொங்க வேண்டும். முடிந்த ஆராய்ச்சி ஒவ்வொன்றுக்கும், மதிப்பீட்டில் சேர்த்தோம் என்றோ, இன்ன காரணத்தால் தள்ளினோம் என்றோ, ஓராண்டுக்குள் குழு பதில் சொல்ல வேண்டும்.

கேட்டுவிட்டு நாம் சும்மா இருக்கலாமா? கிளைக்கு ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். மண் சரிந்ததா? தேதி, நேரம், எந்தக் கிலோமீட்டர் கல், எத்தனை நாள் தொடர் மழை, வடிகால் அடைத்திருந்ததா, சுவர்த் துளையில் நீர் வந்ததா என்று எழுதுங்கள். கைப்பேசியில் படம் எடுங்கள். உதவிக் கோட்டப் பொறியாளரிடம் கொடுங்கள். ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். பத்துப் பருவம் இப்படி எழுதினால், எந்த ஆராய்ச்சிக் குழுவும் ஒதுக்க முடியாத ஏடு அது!

மேசை மீது மழை பெய்வதில்லை, தோழர்களே. மேசைக்கு அந்த மழையை நாம் கொண்டுபோவோம்!