பாறைக் கரையில் கோடை விடுமுறை: மத்தியதரைக் கடலோரத்தில் குடும்பத்துக்கு ஏற்ற இடம் எது?

மத்தியதரைக் கடலின் வடகரையில் கோடை விடுமுறையைக் கழிக்க விரும்பும் குடும்பங்கள், ஊரின் புகழையும் படங்களில் தெரியும் நீலநிற நீரையும் வைத்தே பெரும்பாலும் இடத்தை முடிவு செய்கின்றன. ஆனால் பாறைக் கடற்கரையைப் பொறுத்தவரை, கரையின் அமைப்பு, வீசும் காற்று, நீரில் இறங்கும் வழி ஆகிய மூன்றுமே, குழந்தைகளும் முதியவர்களும் அங்கே நிம்மதியாக இருக்க இயலுமா என்பதைத் தீர்மானிக்கின்றன.

இக்கரைகளில் பல சுண்ணாம்புப் பாறையால் ஆனவை. மழைநீர் இப்பாறையை மெல்லக் கரைத்துப் பிளவுகளின் வழியே நிலத்துக்கடியில் இறங்கிவிடுவதால், வண்டலைச் சுமந்துவரும் ஆறுகள் அங்கே குறைவு. பாசி பெருகுவதற்கான சத்துகளும் இக்கடலில் குறைவாக இருப்பதால், அடித்தளம் தெரியும் அளவுக்கு நீர் தெளிந்திருக்கிறது. ஓத ஏற்ற இறக்கம் பெரும்பாலான இடங்களில் அரை மீட்டரையும் எட்டாது. எனினும், கரையிலிருந்து ஓரிரு அடி வைத்ததுமே கடல் ஆழமாகிவிடும் இடங்கள் பாறைக் கரைகளில் மிகுதி என்பதைப் பெற்றோர் மனத்தில் கொள்ள வேண்டும்.

பிரான்ஸின் தென்கரையில், மார்செய் நகருக்கும் கசிஸ் என்னும் சிற்றூருக்கும் இடையே, செங்குத்தான வெண்பாறைகளின் நடுவே கடல் புகுந்த குறுகிய குடாக்கள் உள்ளன. ‘கலாங்க்’ எனப்படும் இவை 2012இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. இவற்றுள் பலவற்றை அடையக் குடிநீரும் நிழலும் அரிதான கரடுமுரடான பாதையில் நடக்க வேண்டும். காட்டுத்தீ அபாயம் மிகும் கோடை நாட்களில் அப்பாதைகள் மூடப்படுவதும் உண்டு. சுஜித்தோன் குடாவில் கூட்ட நெரிசலால் மண் அரிக்கப்பட்டதையடுத்து, உச்சக் கோடையில் அங்கே செல்ல 2022 முதல் முன்பதிவு தேவைப்படுகிறது. மேலும், ரோன் பள்ளத்தாக்கின் வழியே வரும் ‘மிஸ்ட்ரல்’ என்னும் வலுவான வடகாற்று மேற்பரப்பின் வெதுவெதுப்பான நீரைக் கரையிலிருந்து தள்ளிவிட, ஆழத்தின் குளிர்ந்த நீர் மேலெழுவதால், கோடையிலும் கடல் திடீரெனக் குளிர்ந்துவிடலாம்.

ஸ்பெயினின் கோஸ்டா பிராவா, பிளானஸ் என்னும் ஊரிலிருந்து பிரெஞ்சு எல்லை வரை 200 கிலோமீட்டருக்கும் மேல் நீள்கிறது. ‘முரட்டுக் கரை’ என்னும் பொருள்படும் இப்பெயரை 1908இல் வழக்கிற்குக் கொண்டுவந்தவர் பத்திரிகையாளர் ஃபெர்ரான் அகுயோ. பெயர் முரட்டுத்தனமானதாயினும், பாறை முனைகளுக்கிடையே தமாரியு, யாஃப்ராங்க் போன்ற மணற்குடாக்கள் இருப்பதால், பெரியவர்கள் பாறையோரம் நீந்தவும் சிறுவர்கள் மணலில் விளையாடவும் ஒரே ஊரில் இடம் கிடைக்கிறது.

குரோவேஷியாவின் டால்மேஷியக் கரையில் மணலைவிடக் கூழாங்கல்லே மிகுதி. அங்கே பியோகோவோ மலையடிவாரத்தில் உள்ள மகார்ஸ்கா வட்டாரத்தின் கடற்கரைகள் பலவற்றில், பைன் மரங்களின் நிழல் நீர்விளிம்புக்கு அருகிலேயே கிடைப்பது நண்பகல் வெயிலில் பெரும் உதவி. கோடைப் பிற்பகல்களில் ‘மயிஸ்த்ரால்’ என்னும் கடற்காற்று வெப்பத்தைத் தணிக்கிறது. சிறு குழந்தைகளை நீரில் விட, அக்காற்று எழுவதற்கு முந்திய காலை வேளையே ஏற்றது.

எந்தக் கரையாயினும், கூழாங்கல்லிலிருந்தும், பாறையில் ஒட்டி வாழும் முள்ளுடம்பு உயிரியான கடல் முள்ளெலியிலிருந்தும் பாதங்களைக் காக்க, ரப்பர் அடியுள்ள நீர்க்காலணி அவசியம். ஆழம் அறியாமல் பாறையிலிருந்து குதிப்பது எந்த வயதினருக்கும் ஆபத்தானது. தங்குமிடத்தை உறுதி செய்யுமுன், கரைக்குச் செல்லும் வழியில் எத்தனை படிகள் உள்ளன, நீரில் இறங்க ஏணியோ சரிவோ இருக்கிறதா, உயிர்காப்பாளர் பணியில் இருப்பாரா என்பவற்றைக் கேட்டறிவது நன்று.

2023 ஜனவரி 1 அன்று குரோவேஷியாவும் ஷெங்கன் பகுதியில் இணைந்து யூரோவை ஏற்றுக்கொண்டதால், இம்மூன்று நாடுகளுக்கும் இப்போது பொதுவாக ஒரே விசாவும் ஒரே நாணயமும் போதும். ஆகவே தேர்வைக் குடும்பத்தினரின் வயதே முடிவு செய்யலாம். தவழும் குழந்தைகளும் மணல்வீடு கட்டும் சிறுவர்களும் உள்ள குடும்பத்துக்குக் கோஸ்டா பிராவாவின் மணற்குடாக்களும், ஓரளவு நீந்தக்கூடிய பிள்ளைகளும் நிழலை நாடும் முதியவர்களும் உள்ள குடும்பத்துக்கு மகார்ஸ்காவும், நெடுநடைக்கு அஞ்சாத பதின்பருவத்தினர் உள்ள குடும்பத்துக்குக் கலாங்க் குடாக்களும் பொருந்தும்.