பிணங்களுக்கு நடுவே பாட்டா? லிங்கனைத் தாக்கிய கேலிச் சித்திரங்கள்

அடிமைகளை மீட்ட உத்தமர் என்று ஆபிரகாம் லிங்கனைப் பள்ளிப் பாடம் புகழ்கிறது. ஆனால் அவர் உயிரோடு இருந்தபோதே, 1864-ல், அவரைக் கல்நெஞ்சக்காரராகக் காட்டும் படங்கள் அமெரிக்காவில் அச்சாகின.

அது ஜனாதிபதித் தேர்தல் ஆண்டு. உள்நாட்டுப் போரோ நான்காவது ஆண்டாக நடந்துகொண்டிருந்தது. லிங்கனை எதிர்த்து நின்றவர் தளபதி மெக்லெல்லன். 1862-ல் லிங்கனால் பதவி நீக்கப்பட்டவர்!

ஒரு படத்தில் ஆன்டீட்டம் போர்க்களம். 1862 செப்டம்பர் 17-ந் தேதி ஒரே நாளில் சுமார் 23,000 பேர் மாண்டும், காயமுற்றும், காணாமலும் போன இடம். பிணங்களுக்கு நடுவே நிற்கும் லிங்கன், ஒரு வேடிக்கைப் பாட்டுப் பாடும்படி நண்பர் லாமனிடம் சொல்கிறார். கையில் கட்டம் போட்ட ஸ்காட்லாந்துத் தொப்பி. (பதவியேற்க அவர் ரகசியமாக வந்தது மெய். அந்தத் தொப்பி நிருபர் ஒருவர் கட்டிவிட்ட கதை.) மகனைப் பறிகொடுத்த தாய் இந்தப் படத்தைப் பார்த்தால் வயிறு எரியாதா?

நடந்தது என்ன?

லாமன் பாடியது உண்மைதான். ஆனால் போர் முடிந்து 16 நாட்களுக்குப் பிறகு, களத்துக்கு வெளியே. லிங்கன் கேட்டது ஒரு சோகப் பாட்டு. பிறகு வேறொருவர் கேட்கவே, லாமன் இரண்டு மூன்று வேடிக்கைப் பாட்டுகள் பாடினார்.

பத்திரிகைகளின் அவதூறு கண்டு கொதித்த லாமன் ஒரு மறுப்பு எழுதினார். அதில் காரம் அதிகம் என்று கருதிய லிங்கன், நடந்ததைத் தாமே எழுதினார். எழுதியவர், வெளியிட வேண்டாம் என்று நிறுத்தியும் விட்டார். அவர் மறைந்த பின்னரே அது வெளிவந்தது.

கல்லறை மேல் கால்

லிங்கன் தரப்பும் சளைக்கவில்லை. போர் தோற்றுவிட்டது, சண்டையை நிறுத்திச் சமாதானம் பேச வேண்டும் என்று மெக்லெல்லனின் கட்சி ஆகஸ்டு கடைசியில் சிகாகோவில் தீர்மானம் போட்டது. உடனே 'ஹார்ப்பர்ஸ் வீக்லி' செப்டம்பர் 3-ந் தேதி இதழில் 23 வயது தாமஸ் நாஸ்ட் வரைந்த படம் வந்தது. காலை இழந்த வடக்குச் சிப்பாய் ஊன்றுகோலோடு தலைகுனிந்து நிற்கிறான். தென்னவர் தலைவர் ஜெபர்சன் டேவிஸ் அவனோடு கைகுலுக்குகிறார். டேவிசின் ஒரு கால், மாண்ட வீரர்களின் கல்லறை மேல்! பின்னால் விலங்கு பூட்டப்பட்ட நீக்ரோக் குடும்பம். லிங்கன் கட்சியினர் இதையே தேர்தல் சுவரொட்டியாக்கினர்.

இத்தனைக்கும் அந்தச் சமாதானத் தீர்மானத்தை மெக்லெல்லனே ஏற்கவில்லை. அதை யார் கேட்டார்கள்? அவரை இரட்டை முகத்தோடு வரைந்தார்கள்.

படங்களால் மட்டும் லிங்கன் ஜெயித்துவிடவில்லை. செப்டம்பர் 2-ந் தேதி அட்லாண்டா நகரம் வீழ்ந்ததும் காற்று அவர் பக்கம் திரும்பியது. நவம்பர் 8-ந் தேதி தேர்தலில் லிங்கனுக்கு 212 தேர்வாளர் ஓட்டுகள். மெக்லெல்லனுக்கு 21. தனியாக எண்ணப்பட்ட ராணுவ ஓட்டுகளில் நான்கில் மூன்று பங்குக்கு மேல், அந்தப் பழைய தளபதிக்கு அல்ல, லிங்கனுக்கே விழுந்தன.