குளிர்காற்று வீசும் நாளிலும் தோல் எரியும்
தூண்டில் போடப் போகிறவர்கள் எதை உடுத்துவது?

சனிக்கிழமை விடிய எழும்பி, வாளியையும் தூண்டிலையும் காரில் ஏற்றிக்கொண்டு கடற்கரைக்குப் போவது மெல்பேணில் இருக்கும் எம்மவர் பலருக்குப் பிடித்த பொழுதுபோக்கு. பெரிய செலவில்லை. பிள்ளைகளும் சந்தோசமாக வருவார்கள். அதிர்ஷ்டம் இருந்தால் இரவுக் கறிக்குக் கணவாயும் கிடைக்கும். புதிதாக வந்த குடும்பங்களையும் இப்போது அங்கே காண்கிறேன். அதனால்தான் நான் பட்டுத் தெரிந்துகொண்ட ஒரு விடயத்தை இங்கே எழுதுகிறேன்.

நான் அதிகம் படித்தவன் அல்ல. சாதாரண தரத்தோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். 2012இல் இந்த நாட்டுக்கு வந்து டண்டினோங் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். ஆனால் கடல் எனக்குப் புதிதல்ல. வடமராட்சிக் கரையில் பிறந்து வளர்ந்தவன். "எங்கட ஊர் வெய்யிலைக் கண்ட எங்களை இந்த வெய்யில் என்ன செய்யும்?" என்றுதான் நானும் சொல்லித் திரிந்தேன்.

இரண்டு வருடங்களுக்கு முன் ஒரு ஜனவரி மாதம். 21 பாகை, மெல்லிய முகில், கடலில் இருந்து நல்ல குளிர்காற்று. பிராங்ஸ்ரன் இறங்குதுறையில் காலை ஒன்பது மணியில் இருந்து மூன்று மணிவரை நின்றோம். ஆறு வயது மகன் கையில்லாத பெனியனோடு நின்றான். இரவு படுக்கப் போனவன், "அப்பா, முதுகு எரியுது" என்று அழத் தொடங்கினான். பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை. தொட்டுப் பார்த்தால் தோள்மூட்டு அடுப்புப் போலக் கொதித்தது. நான்காம் நாள் தோல் உரிந்தது. எமது நிறத்தில் சிவப்பு இலகுவில் தெரியாது, தொட்டுத்தான் பார்க்க வேண்டும் என்று டொக்டர் சொன்னார். மனைவி என்னோடு இரண்டு நாள் சரியாகப் பேசவில்லை.

சூடு வேறு, எரிவு வேறு என்பது எனக்கு அன்றுதான் விளங்கியது. தோலை எரிப்பது புற ஊதாக் கதிர். அது கண்ணுக்கும் தெரியாது, உடம்புக்குச் சூடாகவும் தெரியாது. குளிர்காற்று அதைக் குறைக்காது, மெல்லிய முகில் அதிகம் தடுக்காது, தண்ணீரில் பட்டுக் கொஞ்சம் கீழிருந்தும் வரும். ஊரில் வெய்யில் இதைவிடக் கடுமைதான். ஆனால் அங்கே மத்தியானம் சூடு தாங்காமல் நாமாகவே நிழலுக்குள் போய்விடுவோம். இங்கே காற்று எம்மை ஏமாற்றி வெய்யிலில் நிற்க வைக்கிறது.

இந்தக் கதிரின் அளவை 'யூ.வி. இன்டெக்ஸ்' என்று காலநிலைச் செய்தியோடு சொல்வார்கள். வெப்பநிலையைப் பார்க்காமல் அந்த இலக்கத்தைப் பாருங்கள். மூன்றும் அதற்கு மேலும் என்றால் மூடிக்கொள்ள வேண்டும். மெல்பேணில் ஜனவரி மத்தியானத்தில் அது பத்தையும் தாண்டும். கோடையில் இங்கே மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளி வைப்பதால் உச்சி வெய்யில் பன்னிரண்டு மணிக்கு அல்ல, ஒன்றேகால் அளவில்தான் வரும். மே, யூன், யூலை மாதங்களில் பெரும்பாலும் மூன்றுக்குக் கீழேதான். அப்போது வெய்யிலில் நில்லுங்கள். எம்மைப் போன்ற கருநிறத்தவருக்குத் தோல் புற்றுநோய் வரும் ஆபத்து வெள்ளையரை விடக் குறைவு, விற்றமின் டி குறைபாடுதான் கூட வருகிறது. நான் சொல்வது கோடையில் ஐந்தாறு மணித்தியாலம் தண்ணீர்க் கரையில் நிற்பதைப் பற்றி.

மகனுக்கு நடந்ததற்குப் பிறகு நான் மறுபக்கம் சாய்ந்தேன். அடுத்தமுறை 36 பாகை வெய்யிலில் கறுத்த ஜீன்சும் தடித்த ஜம்பரும் போட்டுக்கொண்டு போய், பதினொரு மணிக்கே தலை சுற்றி உட்கார்ந்துவிட்டேன். வியர்வை காய்ந்தால்தான் உடம்பு குளிரும். காற்றுப் போக வழியில்லாவிட்டால் எங்கே காயும்? ஆகவே நீளக் கை, நீளக் கால் வேண்டும், ஆனால் தொளதொள என்று மெல்லியதாக இருக்க வேண்டும். பெண்களின் சல்வார் இதற்கு அருமையான உடுப்பு.

மெல்லியது என்றாலும் நெசவு நெருக்கமாக இருக்க வேண்டும். துணியை வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். வெளிச்சம் ஊடுருவி வந்தால் கதிரும் வரும். நாம் ஊரில் போடும் மெல்லிய வெள்ளைப் பருத்திச் சேட் நனைந்தால் இன்னும் மோசம், நனைந்த பருத்திக்குள்ளால் கதிர் கூடப் போகும். கடைகளில் 'யூ.பி.எவ். 50' என்று அட்டை தொங்கும் உடுப்பு இருக்கிறது. கதிரில் ஐம்பதில் ஒரு பங்கைத்தான் உள்ளே விடும் என்பது அதன் கருத்து. மீன்பிடிக் கடைகளில் அதற்கு நல்ல விலை. புதிதாக வந்தவர்கள் அதை வாங்கிக் கஷ்டப்பட வேண்டாம். ஒப் ஷொப்பில் ஐந்து டொலருக்கு வாங்கிய நீளக்கைச் சேட் ஒன்றை என் மனைவி இன்றும் போடுகிறா. தொழிற்சாலையில் தரும் மஞ்சள், செம்மஞ்சள் நிற வேலைச் சேட்டின் கழுத்துப் பக்கத்தைப் புரட்டிப் பாருங்கள். பலவற்றில் யூ.பி.எவ். 50 என்று போட்டிருக்கும். கையிடுக்கில் காற்றுப் போகத் துளையும் இருக்கும். நான் அதைத்தான் போடுகிறேன்.

பிள்ளைகள் போடும் கிரிக்கெட் தொப்பி நெற்றியை மட்டும்தான் மறைக்கும். காதும் பிடரியும் வெளியே. சுற்றிவர அகன்ற விளிம்புள்ள தொப்பி, அல்லது பின்னால் துணி தொங்கும் தொப்பி நல்லது. காற்றுக்குப் பறக்காமல் கயிறு வேண்டும். கரைவலை இழுத்த என் பெரியப்பா தலையில் துவாயை ஒரு மாதிரிக் கட்டுவார், பிடரியும் மறையும், வியர்வையும் துடைபடும். ஆனால் அவருடைய கண்ணை மறைக்க ஒன்றும் இருக்கவில்லை. கடைசியில் கருவிழி மேல் சதை வளர்ந்து பார்வை மங்கிவிட்டது. காலம் முழுக்க வெய்யிலில் வேலை செய்கிறவர்களுக்கு அது வரும். கறுப்புக் கண்ணாடியை ஸ்டைலுக்கு என்று நினைக்காதீர்கள். இங்கே விற்கும் கண்ணாடிகளில் வகை இலக்கம் இருக்கும். இரண்டு அல்லது மூன்று போதும். நான்கு என்றால் மிகவும் இருட்டு, அதோடு கார் ஓடக்கூடாது.

துணி எட்டாத இடம் புறங்கையும் செருப்புப் போட்ட காலும். அங்கே சன் கிறீம் பூசி, இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை திரும்பவும் பூசுங்கள். பூசிய கையைத் துடைத்துவிட்டு இரையைத் தொடுங்கள். விக்டோரியாவில் 18 வயதில் இருந்து 69 வயதுவரை உள்ளவர்கள் பொதுவாக மீன்பிடி அனுமதிப்பத்திரமும் எடுக்க வேண்டும்.

வேலைச் சேட்டில் ஒரேயொரு தொல்லை. இறங்குதுறையில் என்னைக் காண்பவர்கள் அங்கே வேலை செய்கிறவன் என்று நினைத்துக் கழிப்பறை எங்கே என்று கேட்கிறார்கள். நானும் கையைக் காட்டிவிட்டுத் தூண்டிலைப் பார்க்கிறேன்.