பகிர்ந்து சுமந்த பாரம்

1939ஆம் ஆண்டில், கலிபோர்னியாவின் பாலோ ஆல்டோ நகரில், ஒரு கார் கொட்டகையில், 538 டாலர் முதலுடன் ஹியூலெட்-பேக்கர்ட் நிறுவனம் பிறந்தது. நிறுவிய நண்பர் இருவருள் வில்லியம் ஹியூலெட் பன்னிரண்டு வயதில் தந்தையை இழந்தவர். எழுத்துகளைப் படித்தறிவதே அவருக்குப் பெரும்பாடாய் இருந்தது. எனினும் அவர் வடிவமைத்த ஒலி அலைவுக் கருவிகள் எட்டினை வால்ட் டிஸ்னி நிறுவனம் வாங்கியது.

1970இல் தொழில் மந்தமுற்றது. ஆட்களோ தேவைக்குமேல் பத்தில் ஒரு பங்கு மிகுதி. அவர்களை வெளியேற்ற ஹியூலெட் மனங்கொள்ளவில்லை. தலைவர் முதல் கடைநிலை ஊழியர் வரை இரு வாரத்துக்கு ஒரு நாள் ஊதியமின்றி விடுப்பெடுத்தனர். ஆறு மாதங்களில் நிலைமை சீரடைந்தது. முழு வேலையும் முழு ஊதியமும் திரும்பின.

வருவாய் குறைந்த மாதத்தில் வீட்டார் அனைவரும் ஒரு கவளம் குறைத்துண்பர். ஒருவரை மட்டும் பட்டினி போடுவாரில்லை. 2001இல் மறைந்த ஹியூலெட், அந்தக் குடும்ப நெறியையே தொழிற்கூடத்திலும் நிலைநாட்டினார்.